காப்பி வந்த வழி

காலையில் எழுந்ததும் நம் வீடுகளில் முதலில் தேடப்படுவது காப்பி. விருந்தினரை வரவேற்கவும் காப்பி, துக்க வீட்டில் விழித்திருக்கவும் காப்பி. ஆகவே இது தொன்றுதொட்டு வந்த தமிழர் பானம் என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. நம் முன்னோருக்குக் காலையில் கிடைத்தது நீராகாரமும் கூழுமே.

காப்பியின் தாயகம் எத்தியோப்பியா. அங்கிருந்து செங்கடலைக் கடந்து ஏமன் நாட்டை அடைந்தது. 17-ஆம் நூற்றாண்டில் பாபா பூதன் என்ற இசுலாமியப் பெரியவர் ஏழு விதைகளைக் கொணர்ந்து, சிக்கமகளூர் மலையில் ஊன்றினார் என்பது வழிவழி வந்த செய்தி. தமிழகத்தில், 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை சேர்வராயன் மலையில் பயிரிடச் செய்தார். பின்னர் நீலகிரியிலும் பழனி மலையிலும் தோட்டங்கள் எழுந்தன.

இவ்வரலாற்றில் கண்ணீர்ப் பக்கமும் ஒன்று உண்டு. 1830-கள் தொடங்கி, இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்காக மதுரை, திருச்சி, இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளின் ஏழை மக்கள் கடல் கடந்தனர். மன்னாரில் இறங்கி, காட்டு வழியே நூறு மைலுக்கு மேல் நடந்தனர். காலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே மடிந்தோர் ஏராளம். 1869-இல் இலைத்துரு நோய் அங்கே தோன்றி, இருபதாண்டுகளுக்குள் காப்பியை ஏறக்குறைய அழித்துவிட்டது. அந்நிலங்களில் தேயிலை வந்தது. தமிழரின் உழைப்பு மட்டும் தொடர்ந்தது.

இவற்றை ஏட்டில் படித்திருந்த நாம், காப்பி விளைவதை நேரில் காண விரும்பி, பங்கு மக்கள் சிலருடன் சென்ற சனவரியில் தாண்டிக்குடிக்குச் சென்றோம். வத்தலக்குண்டிலிருந்து சித்தரேவு, பெரும்பாறை வழியாக மலையேற வேண்டும். மூன்று தலைமுறையாக ஒரே குடும்பம் பேணிவரும் சிறிய தோட்டம் அது. சவுக்கு மரமும் பலாவும் நிழல் தர, மரங்களில் மிளகுக்கொடி படர, இடையிடையே மலைவாழை நிற்க, அடியில் காப்பிச் செடிகள் சிவந்த பழங்களுடன் விளங்கின.

ஆளுக்கொரு கூடை தந்தார்கள். "சாமி, செவந்த பழத்தை மட்டும் எடுங்க. காயைச் சேர்த்தா ருசி கெட்டுப்போகும்" என்றார் வீட்டுப் பாட்டியம்மாள். ஒரே கொத்தில் பழமும் காயும் கலந்திருப்பதால் ஒவ்வொன்றாகப் பார்த்தே பறிக்க வேண்டும். ஒரு மணி நேரம் பறித்தும் நம் கூடை பாதி நிறையவில்லை. அருகில் பறித்த பெண்ணோ இரண்டாம் கூடையைத் தொடங்கிவிட்டார்.

பறித்த பழத்தை அன்றே இயந்திரத்தில் இட்டுத் தோலை நீக்குகின்றனர். வழவழப்பு அகலும்வரை கொட்டையைத் தொட்டியில் புளிக்க வைக்கின்றனர். இதற்கு ஒன்றரை நாள்வரை ஆகும். பிறகு கழுவி, வெயிலில் பரப்பி, அடிக்கடி கிளறி உலர்த்த வேண்டும். ஏறக்குறைய ஆறு கிலோ பழத்திலிருந்து ஒரு கிலோ பச்சைக் கொட்டையே கிடைக்கிறது என்றறிந்து எல்லாரும் வியந்தோம்.

பின்னர் சுவைத்துப் பார்த்தோம். கழுவி உலர்த்திய கொட்டையின் காப்பியில் மெல்லிய புளிப்பும் நறுமணமும் இருந்தன; பழமாகவே உலர்த்தியதில் சுவை கனத்திருந்தது. பாலும் சர்க்கரையும் சிக்கரியும் இன்றிக் குடித்த இளைஞர் ஒருவர், "இத்தனை நாள் நாம குடிச்சது என்ன, சாமி?" என்று கேட்க, சிரிப்பெழுந்தது.

விலையைப் பற்றிப் பேசியபோது சிரிப்பு அடங்கியது. 1942-ஆம் ஆண்டுச் சட்டப்படி விளைந்ததையெல்லாம் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பிற்குத் தரவேண்டியிருந்தது. பணம் தவணை தவணையாய் வரும். 1996-இல் அக்கட்டுப்பாடு முற்றிலும் நீங்கியது. இன்று யாருக்கும் விற்கலாம்; ஆனால் விலைக்கு நியூயார்க் சந்தையைப் பார்க்க வேண்டும். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உலக விலை படுவீழ்ச்சி அடைந்தபோது, பறிகூலிக்கே நகை அடகு வைத்ததைப் பாட்டியம்மாள் சொன்னார். பேரன் தோட்டத்தில் நிலைப்பானா என்பதே அவரது கவலை. இப்போது அவர்கள் தாங்களே வறுத்து அரைத்து, வருவோருக்கு நேரில் விற்கிறார்கள்.

அன்புப் பங்கு மக்களே, காப்பி மலிவாய்க் கிடைத்த காலங்களில் அதன் மீதி விலையை வேறு யாரோ செலுத்தியிருக்கிறார்கள்: மன்னார்க் காட்டில் விழுந்தவர்கள், நகையை அடகு வைத்தவர்கள். இனிக் கடையில் காப்பித்தூளுக்கு விலை பேசும்போது, அந்த ஆறு கிலோ பழத்தையும் பறித்த கைகளையும் நினைத்துப் பேசுவோம்.