இரு களங்களின் வீரர்

பொத்தேரியிலிருந்து செங்கற்பட்டு செல்லும் இரயிலில் அமரும்போதெல்லாம், வழியோரத் திடல்களில் மட்டையும் பந்துமாக ஆடும் சிறுவரைக் காண்கிறோம். இதே செங்கற்பட்டுச் சீமையின் மொறப்பாக்கம் என்னும் சிற்றூரில் 1909-ஆம் ஆண்டு பிறந்தவர் எம்.ஜே. கோபாலன். இச்சிறுவருள் எத்துணை பேர் அவர் பெயரை அறிவர்?

கோபாலனின் குடும்பம் சென்னைத் திருவல்லிக்கேணியில் குடியேறியது. அங்கே அவரது வேகப்பந்து வீச்சைக் கண்டு வியந்தவர் சி.பி. ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர். விளையாட்டு ஒருவருக்குச் சோறு போடாத காலம் அது. ஜான்ஸ்டனின் உதவியால் கோபாலனுக்குப் பர்மா ஷெல் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. ஊதியம் அலுவலகம் தந்தது. உள்ளமோ மைதானத்தில் இருந்தது.

1934 சனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக அவர் ஆடினார். அதுவே அவரது ஒரே டெஸ்ட் பந்தயம். அவ்வாண்டு நவம்பர் 4-ஆம் நாள் சேப்பாக்கத்தில் சென்னையும் மைசூரும் மோதிய ரஞ்சிக் கோப்பையின் முதற்போட்டியில், முதற்பந்தை வீசியவரும் அவரே. அப்போட்டி ஒரே நாளில் முடிவுற்றது.

அவர் கைக்கு வளைகோலும் வசப்பட்டிருந்தது. 1935-இல் தியான் சந்த் தலைமையில் நியூசிலாந்து சென்ற இந்திய ஹாக்கி அணியில் அவரும் ஒருவர். மறு ஆண்டு வாழ்க்கை அவரை ஒரு முச்சந்தியில் நிறுத்தியது. ஒரு பாதை பெர்லின் ஒலிம்பிக்கிற்கு. மற்றது கிரிக்கெட் அணியோடு இங்கிலாந்துக்கு. அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தார்.

இங்கிலாந்தில் மூன்று டெஸ்ட் பந்தயங்கள் நடந்தன. ஒன்றிலும் அவருக்கு இடமில்லை. பெர்லினிலோ 1936 ஆகஸ்டு 15 அன்று, ஜெர்மனியை 8-1 என வென்று இந்திய ஹாக்கி அணி தங்கம் சூடியது.

‘தவறான முடிவு’ என்று தீர்ப்புக் கூற நமக்கு நாவு துடிக்கிறது. ஆயின், விளைவை அறிந்தபின் வழிசொல்வது யார்க்கும் எளிது. முச்சந்தியில் நின்றவருக்கு இரண்டு பாதைகளும் இருளில்தான் கிடந்தன. தம் மனம் பற்றிய ஆட்டத்தை அவர் நம்பிச் சென்றார். நம்பியது கைகொடுக்கவில்லை என்பதால் அந்த நம்பிக்கையே பிழையாகிவிடுமா?

அவர் அதற்குத் தந்த விடை அவரது எஞ்சிய வாழ்வே. கிரிக்கெட்டை அவர் வெறுத்து ஒதுக்கவில்லை. பல்லாண்டுகள் சென்னை அணிக்கு ஆடினார், தலைமையும் தாங்கினார், பின்னர் இந்திய அணியின் தேர்வாளர்களுள் ஒருவராகவும் பணியாற்றினார். 1950-களில் சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே தொடங்கிய பந்தயத்திற்குக் கோபாலன் கோப்பை என்றே பெயரிட்டனர். 2003 டிசம்பரில் சென்னையில் அவர் மறைந்தார்.

கிட்டாத பதக்கத்தைக் கொண்டே மனிதரை அளப்பது நம் வழக்கம். தேர்ந்த பாதையில், அது ஏமாற்றிய பின்னும், எவ்வளவு தூரம் நடந்தார் என்று அளப்பதே நேர்மை. திடலில் ஆடும் நம் சிறுவர்க்கு இந்த ஒரு பெயரையேனும் சொல்லி வைப்போம்.