தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தொழில்நெறி வழிகாட்டல்: ஒரு வரலாறு

படித்து முடித்தபின் எந்தத் தொழிலுக்குப் போவது என்று மாணவருக்கு வழிகாட்டுவதும் பள்ளியின் பொறுப்பு என்ற எண்ணம் தமிழ்நாட்டில் சுதந்திரத்தை ஒட்டித்தான் வேர்விட்டது. அதற்கு முன் பெரும்பாலான வீடுகளில் அந்தக் கேள்வி எழவே இல்லை. நெசவாளி மகன் தறிக்குழியில் இறங்கினான். பண்ணையாள் மகன் பண்ணைக்குப் போனான். பெண் பிள்ளைகளை யாரும் கேட்கவே இல்லை. ஆங்கிலப் படிப்பு கிடைத்த சிறு கூட்டத்துக்கு மட்டும் குமாஸ்தா, வாத்தியார், வக்கீல் என்று சில வழிகள் இருந்தன. அங்கும் யோசனை சொன்னது தாய்மாமனோ சித்தப்பாவோதான்.

வழிகாட்டல் ஒரு தனித்துறையாக உருவானது அமெரிக்காவின் பாஸ்டன் நகரில். 1908இல் ஃபிராங்க் பார்சன்ஸ் அங்கே ஒரு தொழில் ஆலோசனை நிலையத்தைத் திறந்தார். பிழைப்புத் தேடி வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் கிடைத்த வேலையில் ஒண்டிக்கொள்வதைக் கண்டவர் அவர். பிள்ளை தன்னை அறிய வேண்டும், தொழில்களை அறிய வேண்டும், இரண்டையும் பொருத்திப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பதே அவர் வகுத்த முறை. அந்த ஆண்டே அவர் இறந்தார். அவருடைய நூல் 1909இல் வெளியாயிற்று. இந்தியாவில் இத்துறையின் முதல் முயற்சிகள் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 1938இலும், பம்பாயில் பட்லிபாய் நடத்திய நிலையத்தில் 1941இலும் தொடங்கின. 1947இல் அலகாபாத்தில் ஐக்கிய மாகாண (இன்றைய உத்தரப் பிரதேச) அரசு உளவியல் நிலையம் ஒன்றை அமைத்தது.

சென்னை மாகாணத்தில் இது வேறு வழியாக வந்தது. 1940களின் இறுதியில் சில உயர்நிலைப் பள்ளிகளில் அலுவலகப் பணி, பொறியியல், வேளாண்மை முதலிய பிரிவுப் பாடங்கள் வைக்கப்பட்டன. பிரிவு என்று வந்துவிட்டால் எந்தப் பிள்ளை எந்தப் பிரிவு என்று யாராவது சொல்லியாக வேண்டும். இதற்கு விரிவாக விடை தேடியது, சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952இல் மத்திய அரசு அமைத்த இடைநிலைக் கல்வி ஆணையம். கலைப் பாடங்கள், அறிவியல், தொழில்நுட்பம், வணிகம், வேளாண்மை, நுண்கலை, மனையியல் என ஏழு பிரிவுகள் கொண்ட பல்நோக்குப் பள்ளிகளை அது பரிந்துரைத்தது. பயிற்சி பெற்ற வழிகாட்டு அலுவலர்களும் தொழில் வழிகாட்டும் ஆசிரியர்களும் படிப்படியாக எல்லாப் பள்ளிகளுக்கும் கிடைக்க வேண்டும் என்றது. தொழிற்சாலைகளில் என்ன வேலை நடக்கிறது என்பதைத் திரைப்படமாக எடுத்துக் காட்டவும், பிள்ளைகளை அங்கே நேரில் அழைத்துப் போகவும் சொன்னது. கண்ணால் காணாத தொழிலை எந்தப் பிள்ளையும் விரும்பித் தேர்ந்தெடுக்க முடியாது என்பதை அந்த அறிக்கை தெளிவாகப் புரிந்துவைத்திருந்தது.

ஆணையம் அறிக்கை தந்தது 1953இல். அதே ஆண்டில் ராஜாஜியின் அமைச்சரவை கிராமத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு புதிய திட்டத்தைக் கொண்டுவந்தது. பள்ளி நேரம் நாளுக்கு மூன்று மணியாகக் குறைந்தது. மீதி நேரத்தில் பிள்ளை பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். இரண்டு வேளையாகப் பிரித்தால் இருக்கும் இடத்தையும் ஆசிரியரையும் கொண்டே கூடுதல் பிள்ளைகளைச் சேர்க்கலாம், கைத்தொழிலுக்கும் மதிப்பு வரும் என்று அரசு காரணம் சொன்னது. பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகமும் இதைக் ‘குலக்கல்வித் திட்டம்’ என்று எதிர்த்துப் போராடினார்கள். பெயர் மிகச் சரியாகவே பொருந்தியது: எதற்கு ஏற்ற பிள்ளை என்று பார்க்கும் முன்பே தகப்பன் தொழிலைப் பிள்ளையின் தலையில் கட்டியது அத்திட்டம். காமராசர் முதல்வரானபின் 1954 மே மாதம் அது கைவிடப்பட்டது. அந்தப் போராட்டத்தை அரசியல் வரலாற்றில் மட்டும் வைத்துப் படிப்பது போதாது. பிறப்பு தொழிலைத் தீர்மானிக்கக் கூடாது என்பது ஊரறிய நிலைபெற்ற பிறகே, தொழிலைத் தேர்ந்தெடுக்கப் பள்ளி உதவ வேண்டும் என்பதற்குப் பொருள் கிடைத்தது.

1954இல் டெல்லியில் மத்தியக் கல்வி, தொழில் வழிகாட்டு நிலையம் அமைந்தது. கோத்தாரி ஆணையம் (1964–66) வழிகாட்டலைத் தொடக்க வகுப்பிலிருந்தே தொடங்கச் சொன்னது. குறைந்தபட்சமாகப் பத்து உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஒரு ஆலோசகராவது வந்துபோக வேண்டும் என்றது. அந்தக் குறைந்தபட்சமே பெரிய கனவாக நின்றுபோனது.

பள்ளி செய்யாததை ஓரளவு செய்தது எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்ச். 1945இல், போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு வேலை தேடித்தர ஏற்பட்ட அமைப்பு அது. 1956 நவம்பரில் அன்றாட நிர்வாகம் மாநிலங்களிடம் வந்தது. தொழில்களுக்கு எண் கொடுத்து வகைப்படுத்திய தேசியப் பட்டியல் 1958இல் வெளியானது. எஸ்.எஸ்.எல்.சி. மதிப்பெண் பட்டியல் கைக்கு வந்ததும் அங்கே போய்ப் பதிவது தமிழ்நாட்டில் ஒரு வழக்கமாகவே ஆயிற்று. பதிவு எண்ணும் தேதியும் கல்வித் தகுதியும் எழுதிய அட்டையை வீட்டில் பத்திரப்படுத்தி, மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தார்கள். தவறவிட்டால் பதிவு மூப்பு போய்விடும். காத்திருந்த நேரத்தில் தட்டச்சு லோயரும் ஹையரும் முடித்தார்கள். இன்று அந்த அலுவலகத்தின் பெயர் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம். ஆனால் மக்கள் அங்கே போனது பெரும்பாலும் பதிவுக்குத்தான்.

1978இல் புகுமுக வகுப்பு கல்லூரியிலிருந்து எடுக்கப்பட்டு, மேல்நிலைக் கல்வியாகப் பள்ளிக்குள் வந்தது. கூடவே தொழிற்கல்விப் பிரிவும் வந்தது: செவிலியம், அலுவலகச் செயலாண்மை, வேளாண்மை, இயந்திரப் பணி. தொழிலைக் கைப்பழக்கமாகக் கற்றுத்தந்த நல்ல ஏற்பாடு இது. ஆனால் பத்தாம் வகுப்பு மதிப்பெண்தான் குரூப்பைத் தீர்மானித்தது. கூடுதலாக எடுத்தவர் ஃபர்ஸ்ட் குரூப், குறைந்தவர் தொழிற்பிரிவு என்று வரிசை கட்டியதில், பதினைந்து வயதுப் பிள்ளையின் விருப்பம் கேட்கப்படாமலே போயிற்று. 1984 முதல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் பெருகின. வழிகாட்டல் மண்டபங்களுக்கு இடம் பெயர்ந்தது. நாளிதழ்கள் நடத்திய வழிகாட்டி நிகழ்ச்சிகள் பல குடும்பங்களுக்கு முதன்முதலாகத் தகவல் தந்தன. அதே கூடத்தின் அரங்குகளில் கல்லூரிகள் தங்களை விளம்பரப்படுத்தவும் செய்தன. முதல் தலைமுறையாகப் படிக்க வந்த வீட்டுக்கு ஆலோசனை எது, ஆள்பிடிப்பு எது என்று பிரித்தறிவது கடினம்.

தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1 அன்று ‘நான் முதல்வன்’ திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளிகளில் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உயர்கல்வி, வேலை பற்றிய வழிகாட்டல் அதன் ஒரு பகுதி. பிளஸ் டூ முடித்தோருக்காக அதே ஆண்டில் ‘கல்லூரிக் கனவு’ நிகழ்ச்சிகள் வந்தன. அடுத்து வந்த ‘உயர்வுக்குப் படி’ முகாம்கள், பள்ளியை முடித்தும் எங்கும் சேராமல் நின்றுவிட்ட பிள்ளைகளைப் பெயர் வாரியாகத் தேடி அழைக்கின்றன. பாலிடெக்னிக், ஐ.டி.ஐ., கலைக் கல்லூரி சேர்க்கைக்கும், சாதிச் சான்றிதழுக்கும், வங்கிக் கடனுக்கும் அங்கேயே ஏற்பாடு செய்யப்படுகிறது.