பிலதெல்பியாவும் நம் தோட்டத்துச் சபைகளும்

எபேசு, சிமிர்னா, பெர்கமு, தியத்தீரா, சர்தை, பிலதெல்பியா, லவோதிக்கேயா. வேதபாட வகுப்பில் இந்த ஏழு பெயர்களையும் வரிசை பிசகாமல் ஒப்புவித்தால் புள்ளி கிடைத்துவிடும். அவை இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் இருந்த உண்மையான ஊர்கள் என்பதும், பத்மு தீவிலிருந்து யோவான் அங்கிருந்த சிறிய கூட்டங்களுக்குத்தான் எழுதினார் என்பதும் நம்மில் பலருக்குப் பின்னாளில்தான் உறைத்தன. கி.பி. 95ஐ ஒட்டி, தொமித்தியன் ஆண்ட காலத்தில் அவை எழுதப்பட்டன என்பது அறிஞர் பலரின் கருத்து.

இந்த ஏழு சபைகளும் திருச்சபை வரலாற்றின் ஏழு காலங்களைக் குறிக்கும் தீர்க்கதரிசனம் என்றும், நாம் கடைசியான லவோதிக்கேயாக் காலத்தில் வாழ்கிறோம் என்றும் போதிப்பவர்கள் உண்டு. 1909இல் வெளிவந்த ஸ்கோஃபீல்ட் வேதாகமக் குறிப்புகள் அந்த விளக்கத்தை உலகெங்கும் பரப்பின. நமக்கு அதில் அவ்வளவு நாட்டமில்லை. அப்படிப் படித்தால் ஒரு கடிதம் மட்டும் நமக்குரியதாகி, மற்ற ஆறும் பழங்கதையாகிவிடும். ஒவ்வொரு கடிதத்தின் முடிவிலும் சபைகளுக்கு என்று பன்மையில்தான் சொல்லப்படுகிறது. ஒருவருக்கு வந்த கடிதத்தை ஏழு பேரும் கேட்க வேண்டியிருந்தது.

ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்தவர்களுக்கு மிக நெருக்கமானது பிலதெல்பியாவின் கடிதம்தான். கி.பி. 17இல் பெரும் நிலநடுக்கம் அந்தப் பிரதேசத்தின் 12 நகரங்களைச் சிதைத்தது. பிலதெல்பியாவில் சுவர்கள் அடிக்கடி வெடித்ததால், மக்களில் பெரும்பாலோர் ஊரை விட்டு வெளியே வயல்வெளிகளில் குடியிருந்தார்கள் என்று புவியியலாளர் ஸ்திராபோ எழுதிவைத்தார். பேரரசின் உதவி கிடைத்ததும் நன்றிக்கடனாக ஊரின் பெயரையே நியோசெசரேயா என்று மாற்றிக்கொண்டார்கள். இப்படி எப்போதும் வெளியே ஓடிக்கொண்டும், பிறர் வைத்த பெயரைச் சுமந்துகொண்டும் இருந்தவர்களுக்குத்தான் இரண்டு வாக்குறுதிகள் வருகின்றன. நீங்கள் ஆலயத்தில் தூணாவீர்கள், இனி வெளியே போகவேண்டியதில்லை என்பது ஒன்று. உங்கள்மேல் புதிய பெயர் எழுதப்படும் என்பது மற்றது. வீடும் பெயரும் பறிபோகாத ஒருவருக்கு இது வெறும் உருவகமாகத் தோன்றலாம். நம் தாத்தா பாட்டிமாருக்கு அப்படித் தோன்றியிராது.

மலையகத் தமிழர் நடுவே அங்கிலிக்கன் ஊழியம் 1854இல் கோப்பித் தோட்டங்களில் தொடங்கியது. திருநெல்வேலிச் சபையார் அனுப்பிய உபதேசியார்கள் அதன் முதல் ஊழியர்களில் இருந்தார்கள். அதற்கு இடப்பட்ட பெயர் ‘தமிழ்க் கூலி மிஷன்’. நற்செய்தி சொல்ல வந்த அமைப்பே, கேட்க வந்தவர்களைத் துரைமார் வைத்த பெயரால்தான் அழைத்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் எஞ்சியிருந்ததையும் எடுத்துக்கொண்டது. 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தது. தலைமன்னார் கப்பலில் குடும்பங்கள் போகப் போக, தோட்டத்துச் சிற்றாலயங்களில் பாய்கள் சுருட்டியபடியே கிடந்தன. 1984இல் அந்தக் கப்பலும் நின்றது.

எபேசுவின் கடிதத்தில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது: ஆதி அன்பை விட்டால் விளக்குத்தண்டு அதன் இடத்திலிருந்து நீக்கப்படும். அதை எடுத்துக்கொண்டு, சிறுத்துப்போன சபைகளைப் பார்த்து விசுவாசக் குறைவு என்று தீர்ப்புச் சொல்பவர்கள் வரலாற்றையும் சற்றுப் பார்க்கவேண்டும். ஏழு சபைகளில் கண்டனமே பெறாதவை சிமிர்னாவும் பிலதெல்பியாவும். ஆயினும் 1922 செப்டெம்பரில் சிமிர்னா எரிந்தது. 1923 சனவரியில் லோசானில் கையெழுத்தான மக்கள் பரிமாற்ற உடன்பாடு, பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கிறிஸ்தவர்கள் துருக்கி மண்ணைவிட்டு வெளியேறியதை நிரந்தரமாக்கியது. கிரேக்கத்திலிருந்த முஸ்லிம்களும் அவ்வாறே துருக்கிக்குப் பெயர்க்கப்பட்டார்கள். பிலதெல்பியாவிலும் பழைய சபை இல்லாமற்போனது. அன்பு தணிந்து அணையும் விளக்கு வேறு, இரண்டு அரசுகள் மேசையில் அமர்ந்து இடம் மாற்றும் விளக்கு வேறு. இந்த வேறுபாட்டைப் பிரசங்க பீடத்திலிருந்து நாம் அதிகம் கேட்பதில்லை.

சர்தையைப் பற்றியும் சொல்லவேண்டும். செங்குத்தான மலைமேல் கோட்டை. யாரும் ஏறமுடியாது என்று காவல் வைக்காத பக்கத்தால் ஏறித்தான் கி.மு. 546 அளவில் பாரசீகர் அதைப் பிடித்தார்கள். கி.மு. 214இலும் அதே கதை. விழித்திரு என்ற சொல் அந்த ஊருக்குச் சுருக்கென்று தைத்திருக்கும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்களை மூடியது. அதுவும் முன்னரே எச்சரிக்கப்பட்ட சரிவுதான். ஆனால் போக வேறு காணி இல்லாதவர்களிடம் விழித்திருக்கச் சொல்லி என்ன பயன்? அங்கே விழித்திருக்கவேண்டியவர்கள் லயத்தில் தூங்கியவர்கள் அல்லர். மண்ணுக்குள் போனவர்களில் இந்துக்களே மிகுதி, இழப்பு எல்லோருடையதும்.

லவோதிக்கேயா நம்மைப் போன்றவர்களுக்கு, அதாவது படித்து, உத்தியோகம் பெற்று, கொழும்பிலும் லண்டனிலும் டொரொன்டோவிலும் வீடு வாங்கியவர்களுக்கு, எழுதப்பட்டதாகவே கொள்ளலாம். கி.பி. 60இல் நிலநடுக்கத்தில் விழுந்தபோது ரோமின் உதவி வேண்டாம் என்று சொந்தப் பணத்திலேயே எழும்பிய ஊர் அது. வட்டிக்கடை, கறுப்புக் கம்பளி, கண் மருந்து மூன்றாலும் பெயர்பெற்றது. கடிதம் அந்த மூன்றையுமே குறிவைத்து ஏழை, நிர்வாணி, குருடன் என்கிறது. கண் மருந்து விற்ற ஊரைக் குருடு என்பது வைத்தியர்களாகிய எமக்குக் கொஞ்சம் அதிகமாகவே சுடுகிறது. பக்கத்து எராப்போலியில் வெந்நீர் ஊற்று, கொலோசெயில் குளிர்ந்த நீர். இடையிலிருந்த இவர்களுக்குக் குழாயில் வந்தது சுண்ணாம்பு படிந்த வெதுவெதுப்பான தண்ணீர் என்று விளக்குவார்கள். குளிரும் பயன்படும், சூடும் பயன்படும். சொந்த ஊர் எது என்று கேட்டால் தோட்டத்தின் பெயரை விழுங்கிவிட்டு ‘பதுளைப் பக்கம்’ என்று சொல்லும் பதில் எந்த வெப்பநிலையைச் சேர்ந்தது என்பதை அவரவரே அளந்துகொள்ளலாம்.

பதுளை புனித மாற்கு ஆலயம் மேஜர் ரொஜர்ஸ் என்பவரின் நினைவாகக் கட்டப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படும் அவர், 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அவருக்குக் கல்வெட்டு இருக்கிறது. பெரட்டுக்களத்திலும் லயத்து வாசலிலும் ஜெபம் சொல்லிக்கொடுத்த உபதேசியார்களில் எத்தனை பேருக்கு அப்படி ஒன்று இருக்கிறது?

கி.பி. 112 அளவில், ஆசியாவுக்கு வடக்கே பித்தினியாவை ஆண்ட பிளினி, கிறிஸ்தவர்களை விசாரித்த விதத்தைச் சக்கரவர்த்தி திராயானுக்கு எழுதினான். சபையில் ஊழியக்காரிகள் எனப்பட்ட இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து உண்மையை அறிய முயன்றதாக அதில் வருகிறது. அவர்களின் பெயரை அவன் எழுதவில்லை. அங்கே பதவி வகித்தவர்கள் அடிமைப் பெண்கள் என்ற அளவே நமக்குக் கிடைத்திருக்கிறது.

தோட்டத்துச் சபைகளின் ஞானஸ்நான, விவாகப் பதிவேடுகளில் நம் பூட்டிமாரின் பெயர்கள் இருக்கின்றன. மலைநாட்டு ஈரத்தில் அந்தத் தாள்கள் அதிக காலம் தாங்கா. நூற்றாண்டு விழாவுக்கு ஊருக்கு வருபவர்கள் தத்தம் சபைக் குருவானவரிடம் கேட்டு, கிடைக்கும் பக்கங்களைத் தொலைபேசியிலாவது படம் பிடித்து, தோட்டத்தின் பெயரையும் டிவிஷனையும் குறித்துச் சங்கச் செயலாளரிடம் சேர்ப்பித்தால் நன்று.