ஆசாதிசாட் பிறந்த கதை

வானம் தெளிவாக இருந்தால் ஸ்ரீஹரிகோட்டாவில் கிளம்பும் ராக்கெட்டின் புகைக்கோடு ஆவடி, அம்பத்தூர் மொட்டை மாடிகளுக்கே தெரியும். பிள்ளைகள் அண்ணாந்து பார்ப்பார்கள், கை தட்டுவார்கள், அப்புறம் டியூஷனுக்குக் கிளம்பிவிடுவார்கள். அதே ராக்கெட்டுக்குள் தான் புரோகிராம் எழுதிய சில்லு போகிறது என்றால் அந்தப் பிள்ளை டியூஷனுக்குப் போகுமா?

சென்னையில் ஸ்ரீமதி கேசன் தொடங்கிய ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா என்ற அமைப்பு இந்த ஆசையைத்தான் பிடித்துக்கொண்டது. முதலில் 2017-இல் கலாம்சாட் என்ற செயற்கைக்கோள். கரூர் மாவட்டம் பள்ளப்பட்டியைச் சேர்ந்த ரிஃபாத் ஷாரூக் தலைமையில் செய்தது. முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் அச்சிட்ட குட்டிப் பெட்டி, எடை 64 கிராம். ஜூன் 22 அன்று நாசாவின் ராக்கெட்டில் மேலே போய்த் திரும்பியது. 2019 ஜனவரியில் கலாம்சாட்-வி2, நம் பி.எஸ்.எல்.வி ராக்கெட்டிலேயே போனது.

இரண்டும் நல்ல சாதனைகள். ஆனால் ஒரு சிலரின் சாதனைகள். சுதந்திரத்தின் 75-ஆம் ஆண்டு வந்தபோது கணக்கை மாற்றிப் போட்டார்கள்: நாடு முழுக்க 75 அரசுப் பள்ளிகள், பள்ளிக்குப் பத்து மாணவிகள், அவர்கள் கைபட்ட 75 சில்லுகள், எல்லாம் ஆசாதிசாட் என்ற ஒரே செயற்கைக்கோளுக்குள். மதுரை மாவட்டம் திருமங்கலம் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியும் அதில் ஒன்று.

ஒரு சில்லுத் தொகுதியின் எடை சுமார் 50 கிராம். பிள்ளைகள் பயன்படுத்தியது ஆர்டுயினோ மென்பொருள். 2005 வாக்கில் இத்தாலியின் இவ்ரியா நகரில், எலெக்ட்ரானிக்ஸ் படிக்காத வடிவமைப்பு மாணவர்களுக்காக உருவானது அது. கம்ப்யூட்டரில் நாலு வரி எழுதி, யு.எஸ்.பி ஒயரில் போர்டுக்கு அனுப்பினால் விளக்கு மினுக்கும். சென்சாரைச் சேர்த்தால் வெப்பநிலை திரையில் எண்ணாக ஓடும். விரலால் சென்சாரைத் தொட்டால் எண் ஏறும். பெரிய விளக்கம் தேவையில்லை, அந்த எண் ஏறுவதைப் பார்த்த பிள்ளை அடுத்த கேள்வியைத் தானே கேட்கும்.

'மாணவிகள் செய்த செயற்கைக்கோள்' என்று செய்தித்தாள்கள் எழுதின. கொஞ்சம் மிகைதான். பெட்டியும் மின்சக்தியும் தகவல் தொடர்பும் பொறியாளர்கள் வேலை. சில்லுகளுக்கு உயிர் கொடுத்ததுதான் மாணவிகளின் பங்கு. எனக்கு அதுவே போதும் என்று படுகிறது.

2022 ஆகஸ்ட் 7, காலை 9.18. இஸ்ரோவின் புதிய எஸ்.எஸ்.எல்.வி ராக்கெட் முதல் முறையாகக் கிளம்பியது. இரண்டாம் கட்டம் பிரிந்தபோது எழுந்த அதிர்வில், வேக மாற்றத்தை அளக்கும் முடுக்கமானி சென்சார்கள் ஒரு கணம் திணற, ராக்கெட்டின் கம்ப்யூட்டர் அவை பழுதாகிவிட்டதாக எண்ணி மாற்று வழிக்குத் தாவியது. வேகம் போதவில்லை. 356 கிலோமீட்டர் உயரத்தில் வட்டமாகச் சுற்ற வேண்டிய ஆசாதிசாட், ஒரு பக்கம் 76 கிலோமீட்டர் வரை தாழும் பாதையில் விழுந்தது. அவ்வளவு தாழ்ந்தால் காற்று விடாது. 750 பெண்களின் உழைப்பும் போயிற்று.

ஆனால் இதைவிட நல்ல அறிவியல் பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. நன்றாக இருந்த சென்சாரைப் பழுதென்று மென்பொருள் முடிவு கட்டியதுதான் கோளாறு. சென்சாருக்குப் புரோகிராம் எழுதிய பிள்ளைகளுக்கு அது சட்டென்று விளங்கியிருக்கும்.

ஆறே மாதம். 2023 பிப்ரவரி 10, அதே காலை 9.18. இரண்டாவது எஸ்.எஸ்.எல்.வி, 8.7 கிலோ எடையுள்ள ஆசாதிசாட்-2-ஐ 450 கிலோமீட்டர் உயரத்தில் சரியாகக் கொண்டுபோய் விட்டது.

அம்பத்தூர் எஸ்டேட்டிலும் ஆவடியிலும் பூந்தமல்லி சாலையிலும் பட்டறை நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சென்சாரும் கண்ட்ரோல் போர்டும் உங்களிடம் அன்றாடம் புழங்குகின்றன. பக்கத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள். ஒரு சனிக்கிழமை பத்துப் பிள்ளைகளை உள்ளே விடுங்கள். கழித்துப்போட்ட போர்டுகளைக் காயலான் கடைக்கு அனுப்பும் முன் அவர்கள் கையில் கொடுத்துப் பாருங்கள்.