வழிகளை ஒன்று திரட்டுதல்: ஆய்வை ஆய்ந்த மரபும் நம் கடமையும்

இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் பக்தாதுக்கு வருகை தந்தபோது நடந்ததாக ஒரு நிகழ்ச்சி நம் மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுகிறது. அந்நகரத்து ஹதீஸ் அறிஞர்கள் 100 ஹதீஸ்களைத் தேர்ந்து, ஒன்றன் அறிவிப்பாளர் தொடரை மற்றொன்றன் வாசகத்தோடு மாற்றிப் பொருத்தினார்கள். அவற்றைப் பத்துப் பேரிடம் பத்துப் பத்தாகப் பகிர்ந்தளித்து, நிறைந்த அவையில் இமாமவர்களிடம் ஓதிக் காட்டச் செய்தார்கள். ஒவ்வொன்றையும் தாம் அறியவில்லை என்றே இமாமவர்கள் சொல்லி வந்தார்கள். எல்லாம் முடிந்தபின் முதலாமவர் பக்கம் திரும்பி, 100 தொடர்களையும் அவற்றுக்கு உரிய வாசகங்களோடு சேர்த்து ஒழுங்குபடுத்திக் காட்டினார்கள்.

இதைக் கேட்டு வியப்படையாதவர் இல்லை. ஆனால் இந்நிகழ்ச்சி நமக்கு எவ்வழியாக வந்தது என்று கேட்டவர் நம்முள் எத்தனை பேர்? கதீப் அல்-பக்தாதீ (கி.பி. 1002-1071) இதனைத் தம் ‘தாரீகு பக்தாத்’ நூலில் இப்னு அதீயின் வழியாகப் பதிவு செய்துள்ளார். இப்னு அதீ பிறந்தது ஹிஜ்ரி 277இல். புகாரீ இமாம் மறைந்ததோ ஹிஜ்ரி 256இல். இடையே நின்று செய்தியைக் கொண்டு வந்தவர்களை இப்னு அதீ பெயர் சுட்டவில்லை. ஷைகுமார்கள் பலர் சொல்லக் கேட்டதாக மட்டுமே குறிப்பிடுகிறார். அறிவிப்பாளர் தொடரின் அருமையை உணர்த்தும் புகழ்பெற்ற நிகழ்ச்சியின் தொடரிலேயே பெயர் அறியாதோர் இருக்கிறார்கள்!

இதை முதலில் கண்டுபிடித்தவர்கள் நாம் அல்லோம். ஹிஜ்ரி 902இல் மறைந்த இமாம் ஸகாவீ இவ்வினாவை எதிர்கொண்டு, அந்த ஷைகுமார்கள் ஒருவரல்லர், பலர் என்பதால் அக்குறை ஈடுசெய்யப்படுகிறது என்று விடையும் தந்தார். அவ்விடையை ஒருவர் ஏற்கலாம், மேலும் ஆராயலாம். தமக்கு உவப்பான செய்தியையும் அதே தராசில் நிறுத்துப் பார்க்கும் துணிவு அம்மரபுக்கு இருந்தது என்பதே நாம் இங்கு கருத்தில் கொள்ள வேண்டியது. அத்தராசு எவ்வாறு உருவாயிற்று, அது இன்று எவர் கையில் இருக்கிறது என்பதைச் சற்று நோக்குவோம்.

தனிச் செய்தியிலிருந்து தொகுப்புக்கு

செய்தி கொண்டு வருபவன் நம்பத்தகாதவனாயின் தீர விசாரித்துக் கொள்ளுமாறு திருக்குர்ஆன் ‘அல்ஹுஜுராத்’ அத்தியாயத்தின் 6ஆம் வசனத்தில் பணிக்கிறது. அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்த நேரிடும் என்பதே அவ்வசனம் காட்டும் காரணம். சரிபார்த்தல் என்பது அறிவின் ஆடம்பரமன்று. பிறருக்குத் தீங்கு நேராமல் தடுக்கும் கடமை என்பது இதனால் விளங்கும்.

ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த ஷுஃபா இப்னுல் ஹஜ்ஜாஜ், அவருக்குப் பின் யஹ்யா இப்னு ஸயீத் அல்-கத்தான் ஆகியோர் அறிவிப்பாளர்களின் தகுதியை ஒரு துறையாகவே வளர்த்தெடுத்தார்கள். அடுத்த தலைமுறையில் யஹ்யா இப்னு மயீனும் (மறைவு ஹி. 233) அலீ இப்னுல் மதீனீயும் (மறைவு ஹி. 234) இத்துறைக்கு அடிப்படை விதியொன்றை வகுத்துத் தந்தார்கள். ஒரு செய்தி வந்த வழிகள் அனைத்தையும் ஒன்று திரட்டாதவரை அதிலுள்ள பிழை வெளிப்படாது என்பதே அவ்விதி. ஒரே ஹதீஸை முப்பது வழிகளில் எழுதிய பின்னரே அதனை விளங்கிக் கொள்ள முடியும் என்று இப்னு மயீன் கருதியதாக அறிகிறோம்.

முப்பது வழிகள் எதற்கு? ஓர் ஆசிரியரிடம் பத்து மாணவர் ஒரு செய்தியைக் கேட்டனர் எனக் கொள்வோம். ஒன்பது பேர் ஒரு வகையாக அறிவிக்க, ஒருவர் மட்டும் ஒரு சொல்லைக் கூட்டியோ ஒரு பெயரை மாற்றியோ அறிவிக்கிறார். அந்த ஒருவருடைய அறிவிப்பை மட்டும் படிப்பவருக்கு அதில் பிழை இருப்பதே தெரியாது. பத்தையும் அருகருகே வைத்தால்தான் பிழை எவ்விடத்தில் நுழைந்தது, எவரால் நுழைந்தது என்பது தெரியும். இமாம் முஸ்லிம் (மறைவு ஹி. 261) அவர்களின் ‘கிதாபுத் தம்யீஸ்’ இவ்வாறு ஒப்பிட்டுப் பிழை காணும் முறையைக் கற்பிக்கவே எழுந்த நூல். இப்னு அபீஹாத்திம் (ஹி. 240-327) தொகுத்த ‘இலல்’ நூலோ வெளித்தோற்றத்தில் குறையற்ற தொடர்களில் ஒளிந்திருக்கும் நோய்களை எடுத்துக் காட்டுகிறது.

திரட்டல் என்பது எண்ணிக்கையைப் பெருக்குவதன்று என்பதையும் அவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். பத்து வழிகள் தனித்தனியே வந்தவை போலத் தோன்றலாம். மேலே செல்லச் செல்ல அவையனைத்தும் ஒரே மனிதரிடம் போய் முடியுமாயின், உண்மையில் அங்கு இருப்பது ஒரே சான்று. அம்மனிதர் பொய்யராயின் பத்தும் பாழ். கிளைகள் பலவாயினும் வேர் ஒன்றெனில், வேரைத்தான் சோதிக்க வேண்டும்.

சொல்பவரை நிறுத்தல்

வழிகளைத் திரட்டிய பின் அவ்வழிகளில் நிற்பவர்களை எடைபோட வேண்டும். இப்னு அபீஹாத்திம் தம் ‘அல்-ஜர்ஹு வத்-தஃதீல்’ நூலில் அறிவிப்பாளரைப் பாராட்டும் சொற்களையும் குறைகூறும் சொற்களையும் படிநிலைகளாக வரிசைப்படுத்தினார். பிற்காலத்தில் இப்னு ஹஜர் அல்-அஸ்கலானீ (ஹி. 773-852) ‘தக்ரீபுத் தஹ்தீப்’ என்னும் நூலில் அறிவிப்பாளர்களை 12 படிகளில் வைத்தார். நல்லவர், தீயவர் என்ற இரண்டே பெட்டிகளில் மனிதரை அடைக்க அவர்கள் முற்படவில்லை. உண்மையாளர், ஆயினும் நினைவாற்றல் குறைந்தவர். நம்பகமானவர், ஆயினும் முதுமையில் குழம்பியவர் என்று நுணுகிப் பிரித்தார்கள். கூஃபாவைச் சேர்ந்த அதாஉ இப்னுஸ் ஸாயிப் இறுதிக் காலத்தில் நினைவு தடுமாறினார். ஆதலால் அவரிடம் முன்னர்க் கேட்டவர் யார், பின்னர்க் கேட்டவர் யார் என்று தேடிப் பிரித்து, முன்னவர்களின் அறிவிப்பை ஏற்றார்கள்.

தாம் நேரில் கேளாத ஒன்றை நேரில் கேட்டது போன்ற சொல்லால் அறிவிக்கும் ‘தத்லீஸ்’ என்னும் வழக்கத்தையும் அவர்கள் விடவில்லை. அவ்வாறு செய்தவர்களை ஐந்து படித்தரங்களாகப் பிரித்து இப்னு ஹஜர் தனி நூலே எழுதினார். பிறர் நூலில் கண்ட மேற்கோளைத் தாமே மூலத்தில் கண்டது போல எழுதும் இக்காலத்து ஆய்வாளர் எந்தப் படித்தரத்தில் வைக்கப்படுவார் என்று எண்ணிப் பார்க்கலாம்.

திறனாய்வாளருக்கும் கட்டுப்பாடுகள் இருந்தன. ஒருவரைக் குறைகூறுபவர் காரணத்தை விளக்க வேண்டும். சமகாலத்தவர் ஒருவரையொருவர் பகைமையால் குறைகூறினால், வேறு சான்றில்லாமல் அதைப் பொருட்படுத்தலாகாது. உறவும் தடையாகக் கூடாது. அலீ இப்னுல் மதீனீயிடம் அவருடைய தந்தையைப் பற்றிக் கேட்டபோது, வேறொருவரிடம் கேளுங்கள் என்று முதலில் ஒதுங்கினார். மீண்டும் வற்புறுத்தியபோது, இது மார்க்கம் சார்ந்த விஷயம் என்று சொல்லித் தம் தந்தை பலவீனமானவர் என்றே தீர்ப்பளித்தார்.

பெரும் மதிப்புப் பெற்ற நூல்களும் இந்நோக்குக்கு விலக்கல்ல. பக்தாதின் இமாம் தாரகுத்னீ (ஹி. 306-385) புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு ஸஹீஹ்களிலும் உள்ள சில அறிவிப்புகளைக் குறித்துத் தம் ஆட்சேபங்களை எழுதினார். அதற்காக அவரை யாரும் மார்க்கத்தின் பகைவராகக் கருதவில்லை. இப்னு ஹஜர் தம் ‘ஹத்யுஸ் ஸாரீ’யில் புகாரீயைப் பற்றி எழுப்பப்பட்ட ஆட்சேபங்களைத் திரட்டி, 110 ஹதீஸ்கள் என எண்ணிக்கை காட்டி, ஒவ்வொன்றாக எடுத்து விடை கூறினார். எதிர்க்கருத்தை மறைத்து நூலைக் காக்க அவர் எண்ணவில்லை. முழுமையாக எடுத்து வைத்த பின்னரே காத்தார்.

ஐயம் என்னும் அறம்

இதே மனப்பாங்கு பிற கலைகளிலும் செயற்பட்டது. மருத்துவ மேதை அபூபக்ர் அர்-ராஸீ (மறைவு கி.பி. 925) தாம் ஆசானாக மதித்த கலேனின் நூல்களை ஆராய்ந்து ‘ஜாலீனூஸ் மீதான ஐயங்கள்’ என்னும் நூலை எழுதினார். மூளையுறை அழற்சி நோயாளிகளுள் ஒரு பிரிவினருக்குக் குருதி வடித்து, மற்றொரு பிரிவினருக்கு வேண்டுமென்றே வடிக்காமல் விட்டு, விளைவை ஒப்பிட்டதாகவும் அவரது ‘அல்-ஹாவீ’யில் குறிப்பு உண்டு.

இப்னுல் ஹைதம் (கி.பி. 965 - ஏறத்தாழ 1040) ‘பத்லமியூஸ் மீதான ஐயங்கள்’ எழுதி, தாலமியின் மூன்று நூல்களிலுள்ள முரண்பாடுகளைத் தொகுத்தார். முன்னோர் நூலைப் படித்து அதை அப்படியே நம்புபவர் உண்மையைத் தேடுபவர் ஆகார் என்று அதன் முன்னுரையில் வலியுறுத்துகிறார். படிப்பவர் தாம் படிக்கும் நூலை எல்லாப் பக்கத்திலிருந்தும் எதிர்த்து வினவ வேண்டும். அவ்வாறு வினவும்போது தம்மையும் ஐயுற வேண்டும் என்கிறார். இரண்டாவது நிபந்தனை முதலாவதினும் கடினமானது. அவர் எழுப்பிய ஐயங்கள் வீண்போகவில்லை. மராகாவில் நஸீருத்தீன் தூஸீயும் (1201-1274) திமிஷ்கில் இப்னுஷ் ஷாதிரும் (மறைவு 1375) கோள்களின் இயக்கத்துக்குப் புதிய அமைப்புகளைக் காண முயன்றபோது, அத்தகைய ஐயங்களுக்கே விடை தேடினார்கள்.

இந்தியாவைப் பற்றி நூல் எழுதிய அல்-பீரூனீ (பிறப்பு கி.பி. 973), அதன் முன்னுரையிலேயே செய்தி சொல்பவர்கள் எக்காரணங்களால் பொய்யுரைக்கிறார்கள் என்று வகைப்படுத்துகிறார். தன்னலம், தம் இனத்தின் மீதுள்ள பற்று, பிற இனத்தின் மீதுள்ள வெறுப்பு, பிறர் சொன்னதை ஆராயாது திருப்பிச் சொல்லும் அறியாமை ஆகியவை அவற்றுள் அடங்கும்.

ஏழு சோதனைகள் கற்பித்த பாடம்

இக்கால மருத்துவ உலகம் இதே தேவையை வேறு பாதையில் உணர்ந்தது. ஜேம்ஸ் லிண்ட் 1753இல் ஸ்கர்வி நோயைப் பற்றிய தம் நூலில் முன்னோர் எழுதியவற்றைத் தொகுத்து விமர்சித்தார். 1979இல் ஆர்ச்சி காக்ரேன் என்ற பிரித்தானிய மருத்துவர், சோதனை முடிவுகள் அனைத்தையும் துறைவாரியாகத் தொகுத்து விமர்சன நோக்கில் சுருக்கித் தராதது மருத்துவத் தொழிலின் பெருங்குறை என்று எழுதினார். அவர் பெயரால் 1993இல் தொடங்கப்பட்ட அமைப்பு, முறைசார் தொகுப்பாய்வுகளை உலகெங்கும் பரப்பி வருகிறது.

அவ்வமைப்பின் சின்னத்திலேயே ஒரு துயரக் கதை பொறிக்கப்பட்டிருக்கிறது. குறைமாதத்தில் பிள்ளை பெறும் நிலையிலுள்ள தாய்க்கு விலை குறைந்த ஸ்டீராய்டு மருந்தைச் செலுத்தினால் குழந்தை பிழைக்கும் வாய்ப்பு மிகும் என்பதைக் காட்டும் முதற் சோதனை 1972இல் வெளியாயிற்று. தொடர்ந்து பல சோதனைகள் நடந்தன. அவற்றுட் சில தனித்து நோக்கும்போது ஐயத்துக்கு இடமளித்தன. அனைத்தையும் ஒன்று திரட்டியிருந்தால் பத்தாண்டுகளுக்குள்ளேயே உண்மை தெளிவாகியிருக்கும். ஆனால் 1989 வரை முறையான தொகுப்பு வெளிவரவில்லை. இடைப்பட்ட காலத்தில் பல்லாயிரம் குழந்தைகள் வீணே இறந்திருக்கக்கூடும் என்று கணிக்கப்படுகிறது. அவ்வேழு சோதனைகளின் கோடுகளே அச்சின்னம். வழிகளை ஒன்று திரட்டாதவரை பிழை வெளிப்படாது என்ற பழைய விதியை நாம் இங்கே நினைவுகூராமல் இருக்க முடியவில்லை.

திரட்டினால் மட்டும் போதுமா? கொரோனாக் கொள்ளைநோய்க் காலத்தில் ஐவர்மெக்டின் என்ற மருந்தைப் பற்றிய தொகுப்பாய்வுகள் சில, உயிரிழப்பை அது பெரிதும் குறைப்பதாகக் கூறின. அத்தொகுப்புகளில் இடம்பெற்ற முக்கிய ஆய்வொன்றின் தரவுகள் பற்றிக் கடும் ஐயங்கள் எழவே, 2021 ஜூலையில் அது திரும்பப் பெறப்பட்டது. அதை நீக்கிக் கணக்கிட்டபோது அந்த முடிவுகள் வலுவிழந்தன. தொகுத்தவர்கள் சுருக்கங்களைக் கூட்டினார்களே தவிர, வேரைச் சோதிக்கவில்லை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் தேவை. ஹதீஸ் கலையிலிருந்தே இக்கால ஆய்வு முறை பிறந்தது என்று முழங்குவது எளிது. அவ்வாறு தொடர்புபடுத்தச் சான்றில்லை. ஹதீஸ் அறிஞர் கேட்டது, இச்செய்தி உண்மையில் சொல்லப்பட்டதா என்பது. மருத்துவ ஆய்வாளர் கேட்பது, இம்மருந்து உண்மையில் பயன்தருகிறதா என்பது. முன்னவர் மனிதரை எடைபோட்டார். பின்னவர் சோதனையின் அமைப்பை எடைபோடுகிறார். இரண்டுக்கும் உள்ளது வம்ச உறவன்று. ஒரே அறத்தின் இரு வெளிப்பாடுகள் என்பதே பொருந்தும். சான்றில்லாப் பெருமையை மறுப்பதும் அம்மரபைப் பின்பற்றுவதேயாகும்.

நம் கரையில் ஒரு முன்னோடி

சேரமான் பெருமாள் நபி (ஸல்) அவர்களின் காலத்திலேயே மக்கா சென்று இஸ்லாத்தைத் தழுவினார் என்ற செய்தி நம்மிடையே நூலுக்கு நூல் படியெடுக்கப்படுகிறது. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பொன்னானியின் ஷைகு ஸைனுத்தீன் மக்தூம் தம் ‘துஹ்ஃபதுல் முஜாஹிதீன்’ நூலில் இக்கதையை எடுத்துரைக்கிறார். அவரும் அதே மலபார் முஸ்லிம்களின் ஒருவர். போர்த்துக்கீசியருக்கு எதிராகத் தம் மக்களைத் திரட்ட எழுதியவர். அக்கதையின் பெருமை அவர் நோக்கத்துக்கு உதவியே இருக்கும். எனினும் காலத்தைப் பற்றி உறுதியான செய்தி இல்லை என்றும், ஹிஜ்ரி 200க்குப் பின் நடந்திருக்கவே வாய்ப்பு மிகுதி என்றும், நபிகளாரின் காலத்தில் நடந்ததாகப் பரவியுள்ள கருத்து ஏற்கத்தக்கதன்று என்றும் எழுதி வைத்தார். நானூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அவருடைய நூலைச் சான்று காட்டும் பலர் கதையை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர் தீர்ப்பை விட்டுவிடுகின்றனர்.

இன்று நம் வரலாற்றைப் பிறர் ஐயுறுகிறார்கள், திரிக்கவும் செய்கிறார்கள். அச்சூழலில் ஒரு நிரூபிக்கவியலாத பெருமையை நாம் முன்வைத்தால், அது உடையும்போது அதனருகில் நிற்கும் உண்மைகளும் சேர்ந்து உடைகின்றன. கல்வெட்டும் செப்பேடும் பழம் நூலும் உறுதி செய்யும் நம் வரலாறு சிறிதன்று. அதைக் காக்க நமக்குத் தேவை உரத்த குரலன்று. ஒரு தகவலை எழுதுமுன், அதைச் சொல்லும் பத்து நூல்களையும் அருகருகே வைத்து, அவை எந்த ஒரு வேரில் போய் முடிகின்றன என்று பார்க்கும் பொறுமையே தேவை. வேர் உறுதியானால் எழுதுவோம். ஐயமுண்டெனில் ஐயத்தோடு எழுதுவோம். அழுகியதெனில், அது நமக்கு எவ்வளவு இனிப்பாக இருப்பினும் கைவிடுவோம். தந்தையைப் பற்றிக் கேட்கப்பட்ட அந்த மகனின் விடையை நாம் மறந்துவிடலாகாது.