விருத்தாசலம் டூ இந்தியன் விமன்ஸ் லீக்: கல்லூரி டீமில் ஆடும் பெண் டிஃபெண்டர் புரொஃபஷனல் ஆவது எப்படி? முழு விவரம்!

பீங்கான் பொம்மைகளுக்கும் பீங்கான் தொழிற்பேட்டைக்கும் பேர் போன ஊர் விருத்தாசலம். ஆனா பெண்கள் கால்பந்துன்னு பேச்சு வந்தா, இந்த ஊர் இருக்கும் கடலூர் மாவட்டத்துக்குத் தனி இடம் உண்டு. இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன், சந்தியா ரங்கநாதன், சுமித்ரா காமராஜ் என மூன்று பேருமே இந்த மாவட்டத்துப் பெண்கள்தான்.

ஒரு விஷயம் கவனிச்சீங்களா? இவர்கள் பெயர் எடுத்தது நடுக்களத்திலும் முன்களத்திலும். கோலைத் தடுக்கும் டிஃபெண்டருக்கு அந்த வெளிச்சம் எளிதில் கிடைப்பதில்லை. அப்படியென்றால், கல்லூரி அணியில் டிஃபென்ஸ் ஆடும் ஒரு மாணவி புரொஃபஷனல் கிளப்புக்குப் போக என்ன வழி? படிப்படியாகப் பார்க்கலாம்.

கடலூர் மாவட்டம் ஏன் முக்கியம்?

2018-ல் கட்டாக்கில் நடந்த சீனியர் தேசிய மகளிர் கால்பந்து இறுதிப்போட்டியில், பலம் வாய்ந்த மணிப்பூரை 2-1 என வீழ்த்தி தமிழ்நாடு முதல்முறையாக சாம்பியன் ஆனது. 2023-ல் அமிர்தசரஸில் ஹரியானாவை அதே 2-1 கணக்கில் வென்று மீண்டும் கோப்பையைத் தூக்கியது. இடையில் 2019-ல் மதுரையைச் சேர்ந்த சேது எஃப்.சி, மணிப்பூர் போலீஸ் அணியை இறுதிப்போட்டியில் வென்று இந்தியன் விமன்ஸ் லீக் பட்டத்தைத் தட்டியது. இந்த வளர்ச்சியில் கடலூர் மாவட்ட வீராங்கனைகளின் பங்கு பெரியது.

முதல் படி: கல்லூரி அணி

விருத்தாசலம் திரு கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரி போன்ற கல்லூரிகளில் படிப்பவர்கள், முதலில் தங்கள் பல்கலைக்கழகம் நடத்தும் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் ஆட வேண்டும். அங்கே நன்றாக ஆடுபவர்களைத் தேர்வு செய்து பல்கலைக்கழக அணி அமைப்பார்கள். கடலூர் மாவட்டக் கல்லூரிகளுக்கு இப்போது சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம்தான் தலைமை.

அடுத்து தென் மண்டலப் பல்கலைக்கழகப் போட்டி. அதில் முன்னணியில் வரும் அணிகளுக்கு அகில இந்தியப் போட்டியில் இடம் கிடைக்கும். 2020-ல் ஒடிசாவில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகளிலும் மகளிர் கால்பந்து உண்டு. தமிழக அரசு நடத்தும் முதலமைச்சர் கோப்பையில் கல்லூரி மாணவிகளுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. கிளப் ஆட்கள் கண்ணில் பட இவை நல்ல மேடை.

இரண்டாம் படி: கிளப் பதிவு

கல்லூரி அணிக்கு ஆடினால் மட்டும் போதாது. ஏதாவது ஒரு கிளப்பில் சேர்ந்து, அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் ஆன்லைன் பதிவு முறையில் பெயர் ஏற வேண்டும். மாவட்ட, மாநில லீக்கில் ஆட அதுதான் அடையாள அட்டை மாதிரி.

வழி இதுதான்: மாநில லீக், அடுத்து ஐ.டபிள்யூ.எல் 2, அதற்கு மேல் ஐ.டபிள்யூ.எல். மாநில அணிக்குத் தேர்வாகி சீனியர் தேசியப் போட்டியில் ஆடினால் நேரடியாகவே பெரிய கிளப்புகளின் பார்வையில் படலாம்.

டிஃபெண்டரை எப்படிக் கவனிப்பார்கள்?

கோல் அடிப்பவருக்கு ஸ்கோர்கார்டே சாட்சி. டிஃபெண்டர் செய்யும் நல்ல வேலை பல நேரம் கண்ணுக்கே தெரியாது. சரியான இடத்தில் நின்றதால் எதிரணி பாஸே கொடுக்காமல் போனால், அதை யார் எழுதி வைப்பார்?

அதனால்தான் பயிற்சியாளர்கள் சொல்வது: 2 நிமிட ஹைலைட்ஸ் மட்டும் அனுப்பாதீங்க, முழு மேட்ச் வீடியோவும் வையுங்க. அதில் அவர்கள் பார்ப்பது: ஒன்றுக்கு ஒன்று மோதலில் நிதானம், ஹெட்டர், பின்னாலிருந்து பந்தைச் சரியாக முன்னே கொடுப்பது, சக வீராங்கனைகளைக் குரல் கொடுத்து வழிநடத்துவது. இரண்டு காலாலும் பாஸ் கொடுக்கத் தெரிந்தால் கூடுதல் பலம். சென்டர் பேக், சைடு பேக் என இரண்டு இடத்திலும் ஆடத் தெரிந்தவருக்கு வாய்ப்பு அதிகம்.

இவங்களைப் பாருங்க!

மணிப்பூரைச் சேர்ந்த ஆஷாலதா தேவி ஒரு டிஃபெண்டர். 2018-19-க்கான இந்தியாவின் சிறந்த வீராங்கனை விருது அவருக்குத்தான். 2024 அக்டோபரில் காத்மாண்டுவில் பாகிஸ்தானுக்கு எதிராக ஆடி, இந்தியாவுக்காக 100 சர்வதேசப் போட்டிகள் ஆடிய முதல் பெண் ஆனார்.

டெல்லியின் தாலிமா சிப்பர் இன்னொரு உதாரணம். 2019 தெற்காசிய கோப்பை இறுதிப்போட்டியில் நேபாளத்துக்கு எதிராக வெகு தொலைவிலிருந்து ஃப்ரீ கிக்கில் கோல் அடித்த டிஃபெண்டர் இவர். கனடாவின் மானிடோபா பல்கலைக்கழக அணிக்கும் ஆடினார். படிப்பும் பந்தும் ஒன்றாகப் போக முடியும் என்பதற்கு இவரே சாட்சி.

சம்பளம் கிடைக்குமா?

இங்கதான் சிக்கல். ஐ.டபிள்யூ.எல் கிளப்புகள் குறைந்தது 10 இந்திய வீராங்கனைகளை ஆண்டுக்கு குறைந்தபட்சம் 3.2 லட்சம் ரூபாய் சம்பளத்தில் ஒப்பந்தம் செய்ய வேண்டும் என 2023-ல் சம்மேளனம் அறிவித்தது. மாதக் கணக்கில் பார்த்தால் சுமார் 26,600 ரூபாய். பெரிய தொகை இல்லை. லீக்கில் அணிகளும் குறைவு. 2024-25 சீசனில் ஆடியவை 8 அணிகள்தான். அதாவது நாடு முழுக்க இருக்கும் இடங்களே சில நூறுக்குள் முடிந்துவிடும்.

எனவே பலருக்கும் உண்மையான பாதுகாப்பு அரசு வேலைதான். இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டுக்கு, தேசியப் போட்டிச் சான்றிதழ்கள் கைகொடுக்கும். ஒவ்வொரு சான்றிதழையும் பத்திரமா வையுங்க.

கையெழுத்துப் போடும் முன்

ஒப்பந்தம் எழுத்து வடிவில் இருக்க வேண்டும். சம்பளத் தேதி, தங்குமிடம், சாப்பாடு, காயம் பட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது என நான்கையும் பார்த்துவிடுங்கள். முழங்கால் தசைநார் கிழிவு ஆண்களைவிடப் பெண் வீரர்களுக்கு அதிகம் வருவது. அதிலிருந்து மீள மாதக்கணக்கில் ஆகும் என்பதால் சிகிச்சைச் செலவு விஷயம் மிக முக்கியம். தொடை, இடுப்புத் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியைக் கல்லூரியிலேயே தொடங்கிவிடுவது நல்லது.

பெற்றோர் கவனத்துக்கு

விருத்தாசலத்திலிருந்து கடலூர் அண்ணா விளையாட்டு மைதானம் சுமார் 60 கி.மீ. தினமும் போய் வருவது சிரமம். அதற்காகப் படிப்பை நிறுத்த வேண்டியதில்லை. பல்கலைக்கழகப் போட்டிகளில் ஆடவே மாணவியாக இருப்பது கட்டாயம். அங்கே வயது வரம்பு 25. ஆக, டிகிரி முடிக்கும் வரை உள்ள ஆண்டுகள் வீண் இல்லை. மகளின் கால்பந்துக்கு அதுதான் முதல் வாசல்.