ஆட்சியை அளக்கும் அலகு: கொல்லிமலைத் திருப்புலி நாட்டை முன்வைத்து

கொல்லிமலையின் ஊராட்சிகள் 'நாடு' என்னும் பெயரையே இன்றும் தாங்கியுள்ளன. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, தின்னனூர் நாடு என்னும் வரிசையில் திருப்புலி நாடும் ஒன்று. மலையாளிப் பழங்குடியினரிடையே நாட்டுக்குப் பட்டக்காரரும் ஊருக்குக் கவுண்டரும் பொறுப்பேற்றிருந்தனர். அவ்வமைப்பை இலட்சியமாக்க வேண்டியதில்லை. ஆட்சியின் நிறைகுறையை அதன்கீழ் வாழ்வோர் நேரில் அறியத்தக்க அளவுக்கு அதன் அலகு சிறியது என்பதே இங்கு நோக்கத்தக்கது.

காலனிய ஆட்சி அலகையும் அளவுகோலையும் மாற்றியது. 1883இல் வெளிவந்த லெ ஃபானுவின் சேலம் மாவட்டக் கையேடு போன்ற ஆவணங்களுக்கு மாவட்டமே அலகு. முதன்மைக் கவனம் வருவாய். 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டத்திற்குப் பின் காப்புக்காடுகளின் பரப்பு ஆட்சியின் ஆக்கமாக எண்ணப்பட்டது. காட்டில் மலைமக்கள் இழந்த உரிமைகளுக்கு அப்பேரேட்டில் செலவுப் பக்கம் இல்லை.

1990இல் மஹ்பூப் உல் ஹக், அமர்த்திய சென் ஆகியோரின் சிந்தனையில் உருவான மனிதவள மேம்பாட்டுக் குறியீடு, வருவாயோடு ஆயுளையும் கல்வியையும் சேர்த்தது. வளரும் நாடுகளின் அரசுகளை மதிப்பிடுவதில் இது பெருந்திருப்பம். தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டு மனிதவள மேம்பாட்டு அறிக்கை இக்குறியீட்டை மாவட்டங்களுக்குக் கணித்தது. சென்னை முதலிடமும் தருமபுரி இறுதியிடமும் பெற்றன. அளவுகோல் மாறியது, அலகு மாறவில்லை. 1997இல் உருவான நாமக்கல் மாவட்டத்தில் கோழிப்பண்ணையும் லாரித் தொழிலும் செழித்த சமவெளியும், 70 கொண்டையூசி வளைவுகளுக்கு மேலுள்ள மலைநாடுகளும் ஒரே சராசரிக்குள் அடங்கின.

சராசரி வெறும் எண்ணன்று. நிதி அதன் வழியே செல்கிறது. 2018இல் 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' திட்டத்தில் தமிழகத்திலிருந்து இராமநாதபுரமும் விருதுநகரும் மட்டுமே இடம்பெற்றன. 2023இல் அத்திட்டம் வட்டார அளவுக்கு விரிவாக்கப்பட்டமை, மாவட்டச் சராசரி போதாது என்பதற்கு அரசே அளித்த ஒப்புதல் எனலாம்.

எதை எண்ணுவது என்பதும் சிக்கலே. 2011 ஜூன் முதல் வழங்கப்படும் விலையில்லா அரிசியைக் கிலோவில் கணக்கிடுவது எளிது. சாமையும் தினையும் விளைந்த கொல்லிமலை நிலங்கள் மரவள்ளிக்கு மாறியதும், உணவில் அரிசி மேலோங்கியதும் அக்கணக்கில் சேர்வதில்லை.

தேசியக் குடும்பநல ஆய்வு 2015-16இலிருந்து மாவட்டவாரியாக மதிப்பீடு தருகிறது. அதற்குக் கீழே இறங்குவதில்லை. ஊர்வாரியாக எழுத்தறிவும் தொழிலும் கூறும் மக்கள்தொகைக் கணக்கெடுப்போ 2021இல் நடைபெறவில்லை. திருப்புலி நாட்டைப் பற்றி எழுதப் புகும் ஆய்வாளரின் கையில் இருப்பவை 2011ஆம் ஆண்டின் எண்கள்.